பேஜாரா?

சம்பங்கி ஆடி மாதத்துக்காகக் காத்திருந்தாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது ஊர் உலகத்து வழக்கம். மாமியார் எப்பேர்ப்பட்ட ராணியாக இருந்தாலும் அந்த ஒரு மாதம் தடுத்துப் பேச முடியாது. அப்பா வருவார், பர்கூருக்குக் கூட்டிப் போவார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் போதும் என்று நினைத்திருந்தாள், பாவம், பதினாறு வயசுப் பெண்.

வாக்கப்பட்டது ஜவளகிரியில். தள்ளியையும் தாண்டிப் போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகுக் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் காடு. வெள்ளைக்காரன் போய் எட்டு வருஷம் ஆகியும் அந்த ஊருக்குப் பஸ் நாளுக்கு ஒரு நடைதான். தாத்தா காலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு என்று சம்பந்தம் பேசினார்கள். உறவு உறவுதான், ஆனால் அங்கே போனவர்களின் வாய் கன்னடமாகிவிட்டிருந்தது. சம்பங்கிக்குத் தமிழ் தெரியும், சந்தையில் காதில் விழுந்த தெலுங்கு கொஞ்சம் புரியும், கன்னடம் சுத்தமாக வராது. மாமியார் மாரம்மாவுக்கோ தமிழென்றால் வா, சாப்பிடு, எவ்வளவு, அத்தோடு சரி. இரண்டும் பேசத் தெரிந்த ஒரே ஆள் புருஷன் தீர்த்தகிரி. அவனுக்குப் பெங்களூரில் மில் வேலை. மாதத்துக்கொரு முறை வருவான், வந்தால் தூங்குவான்.

போன ஆவணியில் சம்பங்கியின் அம்மா விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும், விட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். வைகாசியில் அவசர அவசரமாகத் தாலி ஏறியது. "கல்யாணப் பொண்ணு கண்ணக் கசக்கலாமா?" என்று ஆளாளுக்கு அதட்டியதில், அழுகையை அப்படியே விழுங்கிவிட்டாள். விழுங்கினால் செரிக்க அது என்ன சோறா?

ஜவளகிரிக்கு வந்தபின் களி உருண்டை தொண்டையிலேயே நின்றது. விடிவதற்கு வெகு முன்னால் விழிப்பு வந்துவிடும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், எதற்கென்று தெரியாது. சாணி அள்ளப் போனவள் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். காய்ச்சலென்றால் கஷாயம் இருக்கிறது, வயிற்றுவலியென்றால் ஓமம் இருக்கிறது. இதற்குப் பெயரே அவளுக்குத் தெரியாது. பெயர் தெரியாததை யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்கு நடுவில் மாமியார் வாயிலிருந்து அந்தச் சொல் வேறு. மாரம்மா வாட்டசாட்டமான பொம்பளை. குரல் எடுத்தால் அடுத்த கொல்லையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். சம்பங்கி மூலையில் சுருண்டிருப்பதைக் கண்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்பாள்.

"யாகே, பேஜாரா?"

பேஜாரு! பர்கூரில் தொல்லை பிடித்ததையெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். விடாமல் குரைக்கிற நாய் பேஜாரு, ஓட்டைக் குடம் பேஜாரு. இப்போது சம்பங்கி பேஜாரு. சம்பங்கி தலை குனிந்தால், "பேஜாரு மாட்கோபேடா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாரம்மா போய்விடுவாள். 'மாட்கோ' என்றது சம்பங்கியின் காதில் 'மாட்டிக்கிச்சு' என்று விழுந்தது. பீடை ஒன்று நம் தலையில் வந்து மாட்டிக்கொண்டது என்கிறாள்! முதுகில் விழுந்த தட்டு, அடியாகவே வலித்தது.

தெரியாத சொல்லாக இருந்தால் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பாள். தெரிந்த சொல் என்று நினைத்தாளே, அங்கேதான் வந்தது வினை. கேட்கக் கேட்க அது நிஜமென்றே அவளுக்குப் பட்டுவிட்டது. ஆமாம், நான் பீடைதான். அதனால்தான் அம்மா செத்தாள், அதனால்தான் அப்பா இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து தள்ளினார். தான் இல்லாமலே போனால் எல்லாருக்கும் நிம்மதி என்றுகூட ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளே பயந்துபோனாள். ஆடி வரட்டும், ஆடி வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆடி வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா நாராயணப்பன் பஸ் மேல் பஸ் மாறி, புடவையும் பழமும் வெல்லமுமாகச் சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். தீர்த்தகிரியும் லீவில் வந்திருந்தான். சம்பங்கி காலையிலேயே துணிகளை மூட்டை கட்டிவிட்டாள்.

சாப்பாடு ஆயிற்று. அப்பா வெற்றிலை போட்டார், மழையைப் பற்றிப் பேசினார், மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொன்னார். கிளம்புகிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவரைச் சம்பங்கி மறித்துக்கொண்டாள்.

"அப்பா, எப்பக் கெளம்பறம்?"

நாராயணப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார்.

"அங்க வந்து என்ன கண்ணு பண்ணுவ? ஆத்தா இல்லாத ஊடு. நானே உங்க அத்த ஊட்ல கஞ்சி குடிக்கறன். சீரு கொண்டாந்து வச்சிட்டன், மொற முடிஞ்சிது. தெகிரியமா இரு."

"என்னால இங்க இருக்க முடியலப்பா. மூச்சு முட்டுது."

"மொதல்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்புடித்தான் சொல்லும். போகப் போக சரியாப் பூடும். அழுவாத, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

இருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது. சம்பங்கி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் கொட்டினாள்.

"இங்க அத்த என்னப் பேஜாருங்கறாங்கப்பா. தெனம் தெனம். பேஜாரு மாட்டிக்கிச்சின்னு மொகத்துக்கு நேராவே சொல்றாங்க."

மகள் மூச்சு முட்டுது என்றபோது அசையாத மனுஷனுக்கு, மானம் என்றதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாது? எம் பொண்ணு பேஜாரா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "மாப்ள! எந்திரிங்க! சம்மந்தியம்மா எம் பொண்ண என்னா சொன்னாங்கன்னு கேளுங்க!"

தீர்த்தகிரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். மாமனார் சொன்னதை இரண்டு தடவை கேட்டான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"அய்யோ மாமா! கன்னடத்துல பேஜாருன்னா மனசு கஷ்டம். 'ஏம்மா, மனசு சரியில்லயா?'ன்னு கேட்டிருக்காங்க எங்கம்மா. மாட்கோபேடான்னா, வருத்தப்படாதன்னு அர்த்தம்!"

"அட, அவ்ளோதானா!" நாராயணப்பனுக்கு உயிர் வந்தது. "நல்ல கூத்து போ!" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்த சூட்டோடு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பியும் விட்டார். பர்கூர் போய்ச் சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஒரு கதை கிடைத்தது. புறப்படும் முன் தீர்த்தகிரி நடந்ததை அம்மாவிடம் கன்னடத்தில் சொன்னான். மாரம்மா சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய் உள்ளே போனாள். ஆண்கள் இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள்.

சம்பங்கி கொல்லைப்பக்கமே உட்கார்ந்துவிட்டாள். கட்டிய மூட்டை உள்ளே கிடந்தது. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா செத்ததிலிருந்து அழாதே என்றவர்கள் எத்தனையோ பேர். மனசு எப்படி இருக்கிறது என்று தமிழில் ஒரு ஆள் கேட்டதுண்டா? பெற்ற அப்பன் கேட்டாரா? கேட்டவள் ஒருத்தி. அவளைப் பார்த்துத்தான் இத்தனை நாளாக நடுங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

பொழுது சாய்ந்தது. விளக்குக்கு எண்ணெய் விட்டுக் கையில் திரியோடு மாரம்மா வந்தாள். இந்தத் தடவை இடுப்பில் கை வைக்கவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல இப்போது அவளுக்கே பயமாக இருந்தது போலும், மெதுவாகத்தான் கேட்டாள்.

"பேஜாரா?"

சம்பங்கி தலையை ஆட்டினாள். "ம். பேஜாரு, அத்த. ரொம்பப் பேஜாரு. எங்கம்மா..."

குமுறிக்கொண்டு வந்தது. சட்டென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் அழுதால் லட்சுமி வெளியே போய்விடுவாள். அது எந்த மொழிக்காரர் வீட்டிலும் உள்ள சட்டம்.

மாரம்மா அந்த முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அளு, மகளே," என்றாள். "அளு."

அது கன்னடமா தமிழா என்று சம்பங்கி யோசிக்கவில்லை. வாய்விட்டு அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ எட்டிப் பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன என்று கேட்டார்கள். மாரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கு வைக்க வெகு நேரமாகிவிட்டது.