யாரும் நடாத செடிகள்

மே மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, முதல் மழை விழுவதற்கு முன்னால், மாமுரு ஜாரா வழக்கம்போலப் பத்துக் கோலாக் கொட்டைகளை ஈர இலையில் சுற்றிக் ஊருக்குத் தூது போகும் கொல்லர் சுமாவிடம் கொடுத்தனுப்பினார். தூமானி கிராமத்து நிலமெல்லாம் தராவோரே குடும்பத்தினுடையது. அந்தக் குடும்பத்தின் தலைவர் ஸான் தராவோரே. அவர் கோலாவை வாங்கிக்கொண்டால் ஜாரா வீட்டார் இன்னொரு வருடம் விதைக்கலாம். இருபத்து நான்கு வருடமாக இப்படித்தான் நடந்துவருகிறது.

அன்று சுமா போன வேகத்தில் திரும்பி வந்தார். பொட்டலம் கையிலேயே இருந்தது. கட்டுகூட அவிழ்க்கப்படவில்லை.

கம்பு புடைத்துக்கொண்டிருந்த மாமுருவின் மனைவி நியாகலே முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன சுமா, அவரு வீட்ல இல்லையா?"

"இருக்காரு. டீ போட்டுட்டு இருந்தாரு. எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்தாரு. பொட்டலத்த மட்டும் தொடல."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு." சுமா அவள் கணவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார். "நட்டவனுக்கு எதுக்கு கோலா, நெலம்தான் அவனுதாயிடுச்சேன்னாரு."

எதைப் பற்றிய பேச்சு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஜாரா வீட்டார் வடக்கே பெரிய வறட்சி வந்தபோது இரண்டு கழுதைகளோடு தூமானிக்கு வந்தவர்கள். ஸானின் தகப்பனார் அவர்களுக்கு ஓடைப் பக்கம் ஒரு நல்ல வயலும், அதை ஒட்டி ஒரு செம்புறைக்கல் மேடும் இரவலாகக் கொடுத்தார். இரவல் நிலத்தில் விதைக்கலாம், அறுக்கலாம். கிணறு வெட்டக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. மரம் வைத்தவன் அந்த நிலம் தன்னுடையது என்று சொல்லிவிட்டான் என்று பொருள். வாயால் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நியாகலேவுக்குத் தெரியாததல்ல. ஆனால் காட்டாமணக்கை அவள் மரமாக நினைக்கவில்லை.

ஊர்ப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து மாவு எந்திரம் ஒன்றை நடத்திவந்தார்கள். டீசல் புகுனி நகரத்திலிருந்து வர வேண்டும். ஆகஸ்டில் ஓடை பெருகிப் பாதை அறுந்துவிட்டால் டீசல் வராது, எந்திரம் நிற்கும், பெண்கள் பழையபடி உலக்கையைத் தூக்குவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு எரிபொருள் திட்டத்தின் பேரில் புகுனியிலிருந்து ஒரு செக்கு எந்திரம் வந்தது. காட்டாமணக்குக் கொட்டையை அதில் போட்டுப் பிழிந்து, வடிகட்டி, அந்த எண்ணெயிலேயே மாவு எந்திரத்தை ஓட்டலாம். டீசலில் கிளப்பி, சூடேறியதும் குழாயை எண்ணெய்ப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஆனால் ஊர் வேலிகளிலிருந்து கிடைத்த கொட்டை ஒரு மாதத்துக்குக்கூடப் போதவில்லை. அதனால்தான் திட்டத்து ஆள் சிஸ்ஸோகோ போன ஜூலையில் கறுப்புப் பைகளில் அறுநூறு கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"நல்ல நெலத்துல வேணாம்மா. ஒண்ணும் வெளையாத இடத்துல வைங்க. கல்லுல கூட வரும்," என்றான்.

கம்பு முழங்கால் உயரம்கூட வளராத செம்புறைக்கல் மேட்டை நியாகலே காட்டினாள். வரிசை நேராக வரச் சிஸ்ஸோகோ கயிறு பிடித்தான். அவள் அறுநூறு குழி வெட்டினாள். மேட்டின் ஓரங்களில் நெருக்கமாகவும் உள்ளே இடம்விட்டும் நட்டாள். மழைக்காலத்தில் எல்லாம் பச்சையாக இருந்தபோது யாருக்கும் கண்ணில் படவில்லை. வறட்சிக் காலத்தில் இலை உதிர்ந்ததும் தண்டுகள் மட்டும் நேர் நேராக நின்றன. சாலையிலிருந்து பார்த்தால், ஒருவன் தன் நிலத்துக்கு வேலி போட்டதுபோலவே இருந்தது.

"அது மரமில்லையே, வேலிச்செடிதானே," என்றாள் இப்போது.

"வேலிங்கறதுதான் இன்னும் மோசம்," என்றார் சுமா.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் ஸான் வீட்டுக்குப் போனார்கள். ஸான் மாமர நிழலில் அடுப்புக்கரியை விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மகன்கள் இருவர் பக்கத்தில் கயிறு திரித்தார்கள்.

"வாடா, காராமணி தின்னி," என்றார் ஸான். "காத்து நாறும்போதே நெனச்சேன், ஜாராப் பய எவனோ வர்றான்னு."

"காராமணி யாரு தின்னதுன்னு உன் வீட்டுச் சட்டியக் கேளு, சொல்லும்," என்றார் மாமுரு. "எங்க தாத்தாவோட அடிமை நீ. எசமான் வந்திருக்கேன், உக்காந்துட்டே பேசறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தராவோரேக்களும் ஜாராக்களும் எங்கே சந்தித்தாலும் இப்படி ஏசிக்கொள்ளலாம், ஏச வேண்டும். மாமன் மச்சான் கேலி போல. இதற்கு யாரும் கோபிக்கக் கூடாது. கஷ்டமான பேச்சுக்கு முன்னால் இது தவறாமல் நடக்கும். அதனால் நியாகலேவுக்கு இந்தச் சிரிப்பில் எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை.

வந்தவர்களுக்குக் கொடுக்கும் மூன்று சுற்று டீயில் முதலாவதை ஸான் ஆற்றிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "நெலத்த எடுத்துக்கிட்டியே, மச்சான்?"

மாமுரு கிளாஸைப் பார்த்தார். நியாகலே முந்திக்கொண்டாள்.

"நட்டது நான், பெரியவரே. அவரு அதுல கையே வெக்கல."

"தெரியும். கயிறு புடிச்சு நட்டிருக்க. வழிப்போக்கனா கயிறு புடிப்பான்?"

"எந்திரம் நின்னா உங்க வீட்டுப் பொம்பளைங்களும்தான் உலக்கை புடிக்கணும்."

"அது வேற பேச்சு." ஸான் தம்பி மகன்கள் பக்கம் தாடையை ஆட்டினார். "நான் இன்னைக்குச் சும்மா விட்டேன்னு வையி. நாளைக்கு நான் செத்த பெறகு உம் மவன் அந்த வேலியக் காட்டுவான், இவனுங்க என் சமாதியில வந்து நின்னு ஏசுவானுங்க. புடுங்கு. உன் கையாலயே புடுங்கணும், இவனுங்க பாக்கணும். இந்த வருசம் வெதச்சுக்க. அறுப்பு முடிஞ்சு கோலா அனுப்பு. வாங்கறதா வேணாமான்னு அப்ப பாக்கறேன்."

"வாங்கலன்னா?"

"வந்த வழி உங்களுக்குத் தெரியுமே."

அவள் எழுந்தாள். பிறகு கேட்டாள்: "புடுங்கினத என்ன செய்யறது?"

"என்னைக் கேக்கற? எங்கயாவது போடு. ஆடு கூடத் தின்னாது அத."

பிடுங்கி முடிக்க மூன்று நாள் ஆனது. மேட்டின் நடுவில் ஒரே ஒரு வெண்ணெய் மரம் இருந்தது. அதை யாரும் நட்டதில்லை. அந்தப் பக்கத்தில் வெண்ணெய் மரத்தை யாருமே நடுவதில்லை. நிலம் இரவல்தான் என்றாலும் அதன் கொட்டைகளை ஒவ்வொரு வருடமும் நியாகலேதான் பொறுக்கி வெண்ணெய் எடுக்கிறாள். அந்த மரத்தடியில்தான் ஸானின் தம்பி மகன்கள் இருவரும் பாய் விரித்து உட்கார்ந்து அவள் பிடுங்குவதைப் பார்த்தார்கள்.

எந்திரக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சீரா சோளக்களி கொண்டுவந்தாள்.

"ராசாக்களே, பாத்துப் பாத்துக் களைச்சிட்டீங்களே. முதுகு புடிச்சு விடட்டா?" என்று அவர்களைக் கேட்டாள். அவர்கள் களியை வாங்கிக்கொண்டார்கள்.

நியாகலே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நின்ற இடத்திலிருந்தே வீசினாள். சில வேரோடு வந்தன, சில பாதியில் ஒடிந்தன. எதையும் அவள் குவிக்கவில்லை, எரிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை மேட்டில் ஒரு செடி நிற்கவில்லை. சுள்ளி சிதறிய இடம்போல இருந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி மழை பிடித்தது. ஓடை வயலில் கம்பு விதைத்தார்கள். மாதக் கடைசியில் களையெடுக்கப் போகும் வழியில் அவள் மேட்டைப் பார்த்தாள். கல் இடுக்குகளில் சிக்கிக்கொண்ட தண்டுகளின் நுனியில் இலை விட்டிருந்தது. படுத்துக் கிடந்தவை பக்கவாட்டில் துளிர்த்து மேலே திரும்பியிருந்தன.

காட்டாமணக்குத் தண்டு போட்ட இடத்தில் பிழைத்துக்கொள்ளும் என்பது தூமானியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதை எதிர்பார்த்தாயா என்று சீரா கேட்டபோது அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாள். அவளோ அவள் வீட்டு மனிதர்களோ அந்த மேட்டில் எதையும் தொடக் கூடாது. ஒருநாள் பெருமழைக்குப் பிறகு ஒரு செடி வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. குனிந்து கையை நீட்டிவிட்டாள். பிறகு கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். அந்தச் செடி செத்தது.

ஆகஸ்டில் பாதை அறுபடுவதற்கு இரண்டு நாள் முன்னால் சிஸ்ஸோகோ மோட்டார் சைக்கிளில் வந்தான். அவள் வீட்டுக்கு வரவில்லை, மேட்டுக்குப் போய்விட்டான். அவள் வயலிலிருந்து தலை நிமிர்ந்தபோது அவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். களைக்கொத்தும் கையுமாக ஓடினாள்.

"விடு! கைய எடு!"

"அம்மா, என்ன இது, எல்லாம் கன்னாபின்னான்னு நிக்குது? பரவால்ல, காப்பாத்திடலாம். மூணு வெச்சுட்டேன் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு."

"யாரு உன்ன வெக்கச் சொன்னா?"

"வரிசையா இருந்தாத்தாம்மா காய் புடிக்கும். படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்ல?"

"வரிசையா இருந்தா இந்த ஊர்ல நான் இருக்க மாட்டேன். கயித்த அவுரு."

அவன் ஒன்றும் புரியாமல் கயிற்றைச் சுருட்டினான். மூன்று செடிகள் மண் அணைத்து, இரண்டு மீட்டர் இடைவெளியில், சிப்பாய்கள்போல நின்றன. அவன் போன பிறகு அவற்றைப் பிடுங்கிவிடலாமா என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். பிடுங்கினால் மறைத்தது ஆகும். விட்டால் நட்டது ஆகும். கடைசியில் விட்டுவிட்டாள். தொடுவதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகு இதற்கு மட்டும் எப்படித் தொடுவது?

அக்டோபரில் கம்பு முற்றியது. அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸான் மேட்டுக்கு வந்தார். கூடவே தம்பி மகன்களும் சுமாவும். ஆள் விட்டு அவளையும் மாமுருவையும் கூப்பிட்டார்கள்.

இந்த முறை காராமணிப் பேச்சு இல்லை. ஸான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தார். இருநூறு செடிக்கு மேல் இருக்கும். சில இடத்தில் நாலைந்து ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. சில இடத்தில் வெறும் கல். ஒவ்வொரு மூலையிலும் அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் செடிகளின் ஊடே பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று நியாகலேவுக்குத் தெரிந்தது. நான்காவது மூலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"இது?"

மூத்த தம்பி மகன் குனிந்து பார்த்தான். "மூணு. ஒரே கோடு. நான் சொல்லல?"

"திட்டத்து ஆளு வெச்சது," என்றாள் நியாகலே. "கயிறு புடிச்சாரு. நாலாவது வெக்கறதுக்குள்ள நான் ஓடியாந்துட்டேன்."

"ஆமா, இப்ப ஊர்ல இல்லாதவன் மேல போட்டுடு," என்றான் அவன்.

சுமா தொண்டையைச் செருமினார். "பெரியவரே, அவன் அன்னைக்கு எம் பட்டறையிலதான் களைக்கொத்து எரவல் வாங்கிட்டுப் போனான். புதுசு. வண்டியில கட்டிட்டு அப்படியே புகுனிக்குப் போயிட்டான். இன்னும் வரல. போற வழியில வண்டிய நிறுத்தி, இவ ஏன் கத்தறான்னு அவன்தான் எங்கிட்ட கேட்டான்."

"களைக்கொத்து போனதுதான் உனக்குக் கவலை," என்றார் ஸான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தம்பி மகன்களைத் தன் முன்னால் நிறுத்தினார்.

"மூணு நாள் மரத்தடியில உக்காந்து பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்."

"எல்லாத்தையும் புடுங்கினாளா?"

"புடுங்கினா."

"பெறகு நட்டாளா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மழைக்காலம் முழுக்க அவர்கள் அந்த வழியாகத்தான் மாடு ஓட்டிப் போனார்கள்.

"நடல," என்றான் இளையவன்.

"அப்ப யாரும் நடல. வெண்ணெய் மரம் மாதிரி தானா வந்தது. தானா வந்தது நெலத்தோடது. நெலம் யாரோடது?"

"நம்மளுது."

"சரி." ஸான் அவள் பக்கம் திரும்பினார். "அந்த மூணையும் எடு."

நியாகலே குனிந்து மூன்றையும் பிடுங்கினாள். வேர் நன்றாக ஓடியிருந்தது. மூன்றாவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று நின்றாள்.

"பாதையில போடு," என்றார் ஸான். "மாடு மிதிக்கற எடத்துல. உன் கை வீசற எடத்துல வேணாம்."

மாமுரு சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

அறுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை சுமா பத்துக் கோலாக் கொட்டைகளோடு போனார். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. நியாகலே அதே இடத்தில் உட்கார்ந்து புதுக் கம்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை உமியோடு தானியத்தையும் கொட்டினாள். சுமா வந்தபோது அவர் கைகள் காலியாக இருந்தன.

"மூணு டீயும் குடிச்சிட்டுத்தான் விட்டாரு," என்றார். "ஒரு கோலாவ அங்கயே ஒடச்சு ஆளுக்குப் பாதி தின்னோம்."

மாமுரு எழுந்து உள்ளே போனார். அவர் போனதும் சுமா குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு. யாரும் நடாதது, அதனால யாரு வேணா பொறுக்கலாமாம். கொட்டை விழற காலத்துல அவங்க வீட்டுப் பொம்பளைங்களையும் கூப்பிடணுமாம்."

அறுநூறு குழியும் நியாகலேவுக்கு நினைவு வந்தது. கல்லில் பட்டு மழுங்கிய களைக்கொத்து, உள்ளங்கையில் வந்த கொப்புளம். நான் நட்டது என்று இனி அவள் எங்கேயும் சொல்ல முடியாது.

"கூடை அவங்கவங்க கொண்டுவரச் சொல்லு," என்றாள். முறத்தை எடுத்தாள்.