போலந்துக்காரனும் என் விரலும்

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ரேனோவின் துப்பாக்கிக் கடையில், போலந்துக்காரனின் விசை பாதி வழியில் நின்றுவிட்டது. போலந்துக்காரன் என்று நாங்கள் சொல்வது ஒரு பழைய கைத்துப்பாக்கியை. அந்த நாட்டு ராணுவம் வேண்டாமென்று கழித்துக் கட்டி, பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றி, கடைசியில் அது மிச்சிகனின் வடகோடியில் ரேனோவின் கண்ணாடி அலமாரிக்கு வந்து சேர்ந்தது. பக்கத்திலேயே ஹங்கேரிக்காரன், பல்கேரியன், செக்காரன் என்று இன்னும் மூன்று பேர். எல்லோரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். இவர்களிடம் முதல் குண்டுக்கு மட்டும் எல்லா வேலையையும் விரலே செய்ய வேண்டும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலைப் படுத்த நிலையிலிருந்து பின்னால் தூக்குவதும், அதை விழ வைப்பதும் ஒரே இழுப்பில். அடுத்த குண்டிலிருந்து சுத்தியல் தானாகவே எழுந்து நின்றுகொள்ளும், விசை பஞ்சு மாதிரி இருக்கும். அந்த முதல் இழுப்பில் நான்கு பேரிலும் மகா முரடன் போலந்துக்காரன். அவன் விசையை இழுக்க இருபத்து நான்கு பவுண்டு பலம் வேண்டும். பதினோரு வருடமாக இழுக்கிறேன், ஒருநாளும் என்னிடம் வாலாட்டியதில்லை.

அன்று ஆட்டினான். போலித் தோட்டா போட்டு, சுவரில் இருந்த காலண்டர் மானைப் பார்த்து இழுத்தேன். சுத்தியல் கொஞ்சம் எழுந்தது, நடுங்கியது, திரும்பப் படுத்துவிட்டது. இன்னொரு முறை. அதே கதை. எதிரே ரேனோ ஏலக்காய் ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தான். காபி இன்னும் உள்ளே போகவில்லை, அதனால்தான் என்று சிரித்தேன். நடுவிரலையும் சேர்த்து வைத்து ஒரு வழியாக இழுத்து முடித்தேன். முப்பத்தைந்து வருடம் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டியவனுக்கு வந்த கேடு என்று ரேனோவும் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பயம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், டாய்வோ. ஒரு குளிர்காலத்தில் அவனால் காரின் சாவியைத் திருப்ப முடியவில்லை. பூட்டு உறைந்துவிட்டது என்று பூட்டைத் திட்டினான். கோடையில் கரண்டி பிடிக்க முடியவில்லை. அதற்கடுத்த வருடம் நான் ஊட்டினேன். தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய், மூச்சுத் தசை வரைக்கும். அப்பாவின் தம்பியும் அப்படித்தான் போனார் என்று கேட்டதும், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது சில குடும்பங்களில் இறங்கி வரும், ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். சரி, கையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே வா என்றார். ஏழு வருடமாக நான் என் கையைச் சந்தேகக் கேஸைப் பார்க்கும் போலீஸ்காரனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் துப்புக் கொடுத்தது போலந்துக்காரன்.

என் மனைவி மார்லிஸிடம் சொல்லவில்லை. அவளும் டாய்வோவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அவளுக்கு அரை வார்த்தை போதும். அவள் இல்லாத நேரம் பார்த்து ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். திறக்க முடிந்த நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். முடியாத நாளில் பாட்டிலைக் குப்பையில் போட்டு, கெட்டுப்போய்விட்டது என்றேன். நூறு மைல் தள்ளியிருக்கும் நரம்பு டாக்டரிடம் பிப்ரவரிக்கு ஒரு நாள் வாங்கி வைத்தேன். ஆனால் எனக்குள் ஒரு பேரமும் வைத்துக்கொண்டேன். ஜனவரியில் போலந்துக்காரனை ஒற்றை விரலால் இழுத்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதில்லை. பேரம் யாரோடு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயந்தவன் யாரோடு வேண்டுமானாலும் பேரம் பேசுவான்.

ஜனவரி என்றால் எங்கள் துப்பாக்கிச் சங்கத்துப் பத்திரிகைக்கு நான் ஒரு பக்கம் எழுதும் மாதம். நான்கு பழைய துப்பாக்கிகளின் முதல் இழுப்பு, ஒப்பீடு. ஒவ்வொரு வருடமும் அதே நான்கு துப்பாக்கிகள், ஏறக்குறைய அதே எண்கள். ஆனாலும் செக்காரன் வழவழப்பா, பல்கேரியன் நாணயஸ்தனா என்று ஏப்ரல் வரைக்கும் சங்கத்தார் அடித்துக்கொள்வார்கள், வெளியே போக முடியாதபடி பனி அவ்வளவு. அதற்கு நானே போட்ட விதி ஒன்று உண்டு. முதலில் விரல், பிறகு தராசு. எண்ணைப் பார்த்துவிட்டு இழுத்தால் விரல் பொய் சொல்லும். விசை அளக்கும் சாதாரணத் தராசு பன்னிரண்டு பவுண்டோடு நின்றுவிடும் என்பதால், போலந்துக்காரனுக்கு மட்டும் ஏரி மீன் நிறுக்கும் கொக்கித் தராசு.

போனேன். ரேனோ வழக்கத்துக்கு மாறாக மேஜையைத் துடைத்து, பச்சைத் துணி விரித்து, நான்கையும் வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொன்றும் காலிதானா என்று பார்த்துவிட்டுச் செக்காரனில் தொடங்கினேன். நீளமாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தான். பல்கேரியன் நடுவில் ஒரு சின்ன முடிச்சோடு வந்தான். ஹங்கேரிக்காரனுக்கு விரல் வலித்தது, ஆனால் வந்தான். அதற்குப் பிறகு கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டேன். ரேனோ ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். போலந்துக்காரனை எடுத்து, மூச்சைப் பிடித்து, இழுத்தேன். சுத்தியல் எழுந்தது, இன்னும் எழுந்தது, டக்கென்று விழுந்தது. ஒற்றை விரல். மறுபடியும் இழுத்தேன். டக்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. நவம்பரில் குளிர்தான், வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டருக்கு இங்கிருந்தே போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிடலாம், மார்லிஸுக்கு மீன் வறுவல் வாங்கிப் போகலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. அந்த ஓட்டத்துக்கு நடுவே, விரல் மட்டும் ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. இது அவன் இல்லை என்றது. எனக்குக் கேட்க விருப்பமில்லை.

குறிப்புத் தாளை எடுத்தேன். போலந்துக்காரனுக்கு நேரே பென்சிலால் இருபத்து நான்கு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ரேனோவின் கையெழுத்து.

"தராசு எங்கடா?"

"மச்சினன் மீன் பிடிக்க எடுத்துட்டுப் போயிட்டான். விடு ஆர்வோ, வருஷா வருஷம் அதே இருபத்து நாலுதானே? சும்மா எழுதிட்டுப் போ."

என் லாரியில் ஒரு தராசு கிடந்தது. எடுத்து வந்தேன். ரேனோ ரொட்டியை எடுத்தான், தின்னாமல் வைத்தான். கொக்கியை விசையில் மாட்டி மெதுவாக இழுத்தேன். சுத்தியல் விழுந்த இடத்தில் முள் பதினைந்தைக் காட்டியது. மூன்று முறை அளந்தேன். பதினைந்து, பதினைந்து, பதினான்கரை. இந்தத் துப்பாக்கிக்கு லேசான ஸ்பிரிங் ஒன்று தபாலில் கிடைக்கும். விரல் பலமில்லாதவர்களுக்காகச் செய்வது. இத்தனை வருடமாக அதைப் போடுபவர்களைப் பத்திரிகையில் நான் எழுதும் பக்கத்தில் கிண்டலடித்து வந்திருக்கிறேன்.

"எப்ப மாத்தினே?"

"நவம்பர் கடைசியில."

"ஏன்?"

ரேனோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"அந்தச் சாவிக் கதையே தெரியாதவன் மாதிரி நிக்கச் சொல்றியா என்னை? அன்னிக்கு டாய்வோ இந்த வாசல்லதான் பூட்டைத் திட்டிக்கிட்டு இருந்தான். நான்தான் போய்த் திறந்துவிட்டேன். நீ விசையை இழுக்கிறப்போ உன் மூஞ்சி அவன் மூஞ்சி மாதிரியே இருந்துச்சுடா."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. இரண்டு மாதமாக ஒளித்து வைத்த ரகசியத்தை, ஒளிக்கத் தொடங்கிய நிமிடத்திலேயே இவன் பார்த்துவிட்டான். என்னைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவது. விரலின் முனகலைக் கேட்டிருந்தால் தராசு தேவைப்பட்டிருக்காது. நான் ஏமாந்தது துப்பாக்கியிடம் இல்லை, என்னிடமேதான். அப்போது வந்த பயம் நவம்பரில் வந்தது மாதிரி இல்லை. அதில் சந்தேகமே இல்லாமல் இருந்தது, அதுதான் கொடுமை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிடி சரியாக இருக்கிறதா என்று பிடித்த உடனே பார்த்தேன்.

ரேனோ கடைப் போனை என் பக்கம் தள்ளினான். டாக்டரின் ஆபீஸில் இருந்த பெண்ணிடம், பிப்ரவரிக்கு முன்னால் ஏதாவது இடம் காலியானால் வருகிறேன் என்றேன். எதற்காக என்று கேட்டாள். கை என்றேன். எந்தக் கை என்றாள். வலது என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறொருவனுடையதாகக் கேட்டது. வியாழக்கிழமை காலை எட்டு மணி என்றாள்.

"மார்லிஸ்கிட்ட சொன்னியா?"

"இல்ல. இப்பத்தான் போய்ச் சொல்லணும்."

தாளில் இருபத்து நான்கை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினேன். ஸ்பிரிங் மாற்றப்பட்டது என்று பக்கத்தில் குறித்தேன். பொய் எண்ணைப் பத்திரிகைக்குக் கொடுத்துப் பழக்கமில்லை. பிறகு எழுந்து மேல்கோட்டை மாட்டினேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி, ஏரிக்காற்று வேறு. ஜிப்பின் அடிமுனையை மறுமுனையில் பொருத்த முயன்றேன், பொருந்தவில்லை. மறுபடி முயன்றேன். ரேனோ மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தான். நான் என் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றேன். அவன் முனையைப் பொருத்தி, மெதுவாக, தாடியில் மாட்டாமல் பார்த்து, முகவாய் வரைக்கும் ஏற்றிவிட்டான்.