பத்தாயிரம் கன்றும் ஒரு பூட்டும்

கடல் ஏறுகிறது என்று எனக்குப் பாடம் எடுக்க ஓர் ஆள் வந்தார். முப்பத்தொரு வருஷமாக மதகில் நின்று அந்தக் கடலின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மதகுச் சுவரில் பாசி ஆறாவது செங்கல் வரிசையோடு நின்றது. இப்போது எட்டாவதில் நிற்கிறது. அதைச் சொன்னேன். “அப்படியா பெரியவரே” என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டி அதே விஷயத்தைத் தேடினார். காகிதம் சொன்னால்தான் கடல் ஏறும்போல.

கடலோரக் காடு வளர்க்கும் திட்டத்துக்கு அவர்தான் அதிகாரி. நிழலில் உட்கார்ந்தாலும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றமாட்டார். எங்களுக்கு அவர் ‘தொப்பி’.

மதகுக்கு ஒரு பக்கம் உப்பங்கழி. மறுபக்கம் யாரும் உப்பு எடுக்காமல் விட்ட பழைய அளத்து நிலம். அதன் மேட்டோரம் ஒரு தெரு. அந்தத் தெருவிலேயே தாழ்வான கடைசி வீடு என் மகளுடையது. மருமகன் வெல்டர். பேத்திக்கு ஆறு மாசம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அந்த நிலத்தில் இறங்கி, மதகு வழியாகத்தான் கழிக்குப் போகவேண்டும். வேறு வழி கிடையாது. மதகை மூடிவைத்தால் முதலில் மிதக்கப்போவது என் பேத்தியின் தொட்டில்.

தொப்பியின் திட்டம், அந்த நிலத்தில் அலையாத்திக் காடு. காடு வந்தால் அலையைத் தடுக்கும், மண்ணைப் பிடிக்கும், காற்றிலிருக்கும் கரியை உறிஞ்சி சேற்றில் புதைக்கும் என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. கழியோரம் நிற்கிற நாலு அலையாத்தி மரத்துக்குப் பின்னால் கரை கரையவே இல்லை, நானே பார்த்தது.

“அப்ப மதகு ஷட்டரத் தூக்கிவிட்டுட்டு சும்மா இருங்க சார்” என்றேன். “கடல் ஏத்தத்துல அந்த மரத்துக் காயெல்லாம் மிதந்து வந்து தானா ஊணிக்கும். இதுவரைக்கும் ஏத்தம் வந்தா மூடணும்னு ஆபீஸ் உத்தரவு, அதனாலதான் மூடினேன்.”

“சும்மா இருக்கறதுக்கெல்லாம் திட்டம் போட முடியாது பெரியவரே. நடணும். எத்தன நட்டோம்னு காட்டணும்.”

மனுஷன் உண்மையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

விழாவுக்கு வருகிறவர்களின் காலில் சேறு படக்கூடாதாம். இருபது நாள் முன்னாலிருந்தே ஷட்டரை இறக்கியே வைக்கச் சொன்னார். நிலம் காய்ந்து அப்பளம்போல வெடித்தது. வரிசையாகக் குழி தோண்டி, வெடிப்பு தெரியாமல் லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியில் தண்ணீர் கொண்டுவந்த புத்திசாலிகளை நான் அன்றுதான் பார்த்தேன்.

விழாவில் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு காயை நட்டார்கள். சுரபுன்னை என்கிற அலையாத்தி மரத்தின் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். கூர்முனையில் வேர், மறுமுனையில் மொட்டு. ஒரு ஐயா மொட்டு முனையைக் குழிக்குள் குத்தி, வேரை வானத்துக்குக் காட்டிவிட்டு போட்டோவுக்குச் சிரித்தார். பின்னால் வந்தவர்களும் கூலியாட்களும் அவரைப் பார்த்தே நட்டு, பத்தாயிரத்தை முடித்தார்கள்.

“சார், தலைகீழா இருக்கு” என்றேன்.

“சத்தம் போடாதீங்க பெரியவரே, வீடியோ ஓடுது” என்றார் தொப்பி.

மறுநாள் நானே உருவித் திருப்பி நட்டேன். நூற்றுப்பத்து வரைக்கும் முடிந்தது. பிறகு இடுப்பு விட்டுப்போயிற்று.

விழா முடிந்தால் ஷட்டரைத் திறப்பார்கள் என்று பார்த்தால், கன்று வேர் பிடிக்கும்வரை தண்ணீரே உள்ளே வரக்கூடாதென்று உத்தரவு. ஷட்டர்ச் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டிவிட்டு, சாவியைத் தொப்பி பையில் போட்டுக்கொண்டார்.

“மழை வந்தா?”

“போன் பண்ணுங்க.”

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பத்தாயிரம் கன்றும் தண்ணீருக்கடியில். போன் பண்ணினேன். பருவநிலை மாற்றத்தைப் பற்றி மாநாட்டில் பேசிக்கொண்டிருக்கிறார், வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடு என்று யாரோ சொன்னார்கள். இங்கே பருவநிலை என் மகள் வீட்டு இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மதகுக்கே வந்துவிட்டாள். “அப்பா, இன்னும் ஒரு படிதான் இருக்கு. மதகுக்காரர் மகள் வீடு முழுகிப்போச்சுன்னு ஊரே சிரிக்கப்போகுது, பார்த்துக்கிட்டே நில்லுங்க!”

பின்னாலேயே மருமகன் ரம்பமும் கையுமாக வந்தார். கரண்ட் இல்லாததால் வெட்டுகிற மெஷினைத் தொட முடியவில்லை. அரைமணி நேரம் அறுத்துப் பூட்டை உடைத்தார். உடனே சக்கரத்தில் ஷட்டரைத் தூக்கும் திருகுக் கம்பியை மாட்டப் போனார்.

“கையை எடுங்க மாப்பிள்ளை. இப்ப கடல் ஏத்தம், மழை வெள்ளமும் சேர்ந்து கழி உள்ளதவிட உசந்து நிக்குது. திறந்தா கழித் தண்ணியும் உள்ள வரும்.”

“மாமா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்!”

“கழிப்பக்கம் அந்த அஞ்சாவது செங்கல் தெரியட்டும், அப்புறம் தண்ணி வெளிய போகும்.”

ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றோம். மகள் முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டாள். அஞ்சாவது செங்கல் தலையைக் காட்டியதும் நானும் மருமகனும் சேர்ந்து திருகினோம். ஷட்டர் எழும்பியது. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. கூடவே கன்றுகளும், விழாவுக்குக் கட்டிய காகிதக் கொடிகளும் ஓடின. வீட்டில் கடைசிப் படி நனையவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். திருகுக் கம்பியைக் கழற்றிக் கழியில் வீசினேன். ஷட்டர் தூக்கியபடியே நின்றது. வெள்ளம் சேராத வெறும் ஏற்றம் எவ்வளவு வந்தாலும் மகள் வீட்டுக் கீழ்ப்படிக்கு ஒரு முழம் கீழேதான் நிற்கும். மழைத் தண்ணீரும் தேங்காமல் ஒவ்வொரு வற்றத்திலும் வடிந்துவிடும், ஆகவே பயமில்லை.

தொப்பி நாலு நாள் கழித்து வந்து குதித்தார். பத்தாயிரம் கன்றை அழித்தவன் என்று எழுதி என்னை வேலையைவிட்டு அனுப்பினார். வேறு கம்பி செய்து ஷட்டரை இறக்க ஆள் தேடினார். அந்தப் பழைய மாடலுக்குக் கம்பி செய்ய இந்தப் பக்கம் ஒரே ஒரு வெல்டர்தான்.

“அளவு தெரியாம எப்படி சார் செய்யறது?” என்று மருமகன் தலையைச் சொறிந்தார். அன்றைக்குத்தான் பெண்ணைச் சரியான இடத்தில் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. தினமும் இரண்டு வேளை தண்ணீர் வந்தது, போனது. கழியோர மரங்களின் காய்கள் மிதந்து வந்து, தங்களுக்குப் பிடித்த இடத்தில் ஊன்றிக்கொண்டன. ஒன்றுகூட வரிசையில் நிற்கவில்லை. முழங்கால் உயரம் தாண்டிவிட்டது.

போன வாரம் தொப்பி என் வீட்டுக்கே வந்தார். அன்றைக்குத்தான் அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தேன். தலையில் முடி இல்லை. மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம். கன்று நட்டதைப் பற்றி யாராவது கேட்டால் நான் வாயைத் திறக்கக்கூடாதாம்.

“காடு வளர்த்த பேரை நீங்களே வெச்சுக்கங்க” என்றேன். “ஆனா ஷட்டரை இனி எவனும் இறக்கக்கூடாது. அதை உங்க கையாலயே எழுதிக் குடுங்க.”

“எழுதிக் குடுக்கணுமா? என் பேச்சுல நம்பிக்கை இல்லையா பெரியவரே?”

“இல்ல சார்.”

எழுதிக் கொடுத்தார். சீல் வைத்த காகிதம் மகள் வீட்டு அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறது.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். கன்றுகளுக்கு நடுவே ஒரு பெரிய பலகை. நட்டது பத்தாயிரம், பிழைத்தது பத்தாயிரம் என்று போட்டிருந்தது, கீழே அவர் பேர். சேற்றில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தொப்பி கரையில் நின்று, “பெரியவரே, கொஞ்சம் நிமிர்த்தி வைங்களேன், மேலிடத்து வண்டி வந்துருச்சு” என்று கத்தினார்.

“இதையும் தலைகீழா நட்டுட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.