உள்ளே விட்ட துணி

தையல்காரர் வாயில் குண்டூசி இருக்கும் வரைதான் ரகசியம் தங்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஊசிகளை எடுத்து வைத்துவிட்டால் போச்சு. யார் மகனுக்கு வேலை போயிற்று, யார் இடுப்பளவை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள், எல்லாம் அடுத்து அளவு கொடுக்க வருபவர் காதுக்குப் போய்விடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அவர் மனைவி இதற்கு முன் இரண்டு தடவை உடம்பைக் குறைக்கக் கிளம்பியிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரே வாரத்தில் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பால்காரர்கூட நிறுத்தி, "என்னக்கா, சாப்பாட்டையே விட்டுட்டீங்களாமே?" என்று விசாரித்தார். தோற்றது போதாதென்று தோற்றதற்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மூன்றாம் தடவை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாகப் புருஷனிடம்.

இந்தத் தடவை காரணம் பெரியது. மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன தடவை போனபோது இரண்டாவது மாடித் திருப்பத்தில் முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் டீயைக் கீழே கொண்டு வந்தாள். அம்மாவும் மகளும் படியிலேயே உட்கார்ந்து பேசினார்கள், போகிற வருகிறவர்களெல்லாம் காலை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போனார்கள். தான் முழுகாமல் இருப்பதை மகள் சொன்னது அந்தப் படியில்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு மேலே மிச்சமிருந்த படிகள்தான் கண்ணில் தெரிந்தன. பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட, தூங்க வைக்க, மகளை ஒரு மணி நேரம் கண்ணயர விட, அந்த மாடிக்கு ஏற வேண்டாமா?

எலும்பு டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எடை குறைந்தால் ஏறலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வழி சொன்னது நர்ஸ்தான். எடை மெஷினில் எண்ணை அந்த அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்ததில் இவளுக்கு உயிர் போயிற்று. அடுத்த நிமிஷமே அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்: எதையெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுகிறீர்கள்?

பேக்கரி கவுண்டரில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? உடைந்த பிஸ்கட், தட்டில் ஒட்டிய கேக் ஓரம், வெட்டும்போது உதிர்ந்த துண்டு, எல்லாம் விற்க முடியாதவை, எல்லாம் வாய்க்குள் போனவை. முழுதாக ஒரு கேக்கை எடுத்து அவள் தின்றதே கிடையாது. அதனால் தனக்குக் கேக் தின்னும் பழக்கமே இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அதே கதை. பாத்திரத்தில் இரண்டு கரண்டி மிச்சமிருந்தால், அதற்கென்று ஒரு கிண்ணம் கழுவுவானேன் என்று அடுப்படியிலேயே நின்று வழித்துப் போட்டுக்கொள்வாள்.

இனிமேல் உட்கார்ந்தால்தான் சாப்பாடு, சின்னத் தட்டில்தான் சாப்பாடு, தட்டில் பாதி காய் என்றாள் நர்ஸ். தினமும் எடை பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், துணி தொளதொளக்கும், அதுதான் சாட்சி என்றும் சொன்னாள். கேட்கச் சுலபமாக இருந்தது. முதல் வாரம் கையைக் கட்டிப்போடாத குறை. விரல்கள் தாமாகவே தட்டின் ஓரத்துக்குப் போயின. உடைந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். தையல்காரர் எதற்கு, ஏன் என்று கேட்காமல் தின்று தீர்த்தார்.

பழகப் பழக அதுவும் சரியாயிற்று. பசி வேறு, கைப்பழக்கம் வேறு என்பது புரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட்ட காயும் பருப்பும் ருசியாகக்கூட இருந்தன. முட்டி வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அது புதுத் தைலத்தின் வேலை என்று நினைத்தாள்.

ஆனால் துணி தொளதொளக்கவில்லை. அங்கேதான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. நீலச் சட்டை, பூப்போட்ட சட்டை, வேலைக்குப் போடும் சாம்பல் பாவாடை, எதைப் போட்டாலும் அளவெடுத்த மாதிரி உடம்போடு நின்றது. மாதங்கள் போயின. இடுப்பில் ஒரு விரல் நுழைகிறதா என்று தினமும் விட்டுப் பார்ப்பாள். நுழையாது. போதாக்குறைக்குப் புருஷன் வேறு படுத்தினார். வழக்கமில்லாத வழக்கமாக அவள் ரொட்டியில் வெண்ணெயை அப்பினார், முட்டை இரண்டாகப் போட்டுக்கொள் என்றார், திடீர் திடீரென்று முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். விஷயம் தெரிந்துபோய்க் கிண்டல் செய்கிறாரோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் காலையில் மகள் போன் செய்தாள். பிரசவம் அடுத்த மாதம் முதல் வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதோடு விட்டிருக்கலாம்.

"உன்னால படி ஏற முடியலைன்னா பரவாயில்லம்மா. அத்தை வந்து இருந்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

மாமியாரை அத்தை என்றுதான் மகள் கூப்பிடுவாள். நல்ல பொம்பளைதான், குறை சொல்ல எதுவுமில்லை. அதனால் இன்னும் வலித்தது. அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் மகள் சொன்னாள் என்று தெரிந்தும், அந்தப் 'பரவாயில்ல' அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பேக்கரிக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். போதும். இந்த உடம்பு இப்படித்தான். முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் ஓரத்துத் துண்டை எடுத்து, நின்றுகொண்டே, ஆசை தீரத் தின்பது.

பேக்கரியில் எல்லோரும் முன்னால் ஏப்ரன் கட்ட வேண்டும். பேக்கரிக்குச் சொந்தமான ஏப்ரன், அங்கேயே துவைத்து அங்கேயே மாட்டுவார்கள், வீட்டுக்கு வராது. அவளுக்குக் கை பின்னால் எட்டாது. கயிறும் முடிச்சுக்கே இழுத்துப் பிடித்தால்தான் வரும். அதனால் தினமும் கல்லாவில் இருக்கும் பெண்தான் பின்னாலிருந்து கட்டிவிடுவாள். அன்றைக்கு அந்தப் பெண் லீவு. பேக்கரிக்காரர் கையெல்லாம் மாவு. வேறு வழியில்லாமல் இவளே கயிறுகளைப் பின்னால் கொண்டுபோனாள். கைகள் ஒன்றையொன்று தொட்டன. கயிறு இன்னும் மிச்சமிருந்தது. மாற்றி இழுத்தாள். அது பின்னால் சுற்றி, பக்கவாட்டில் வந்து, முன்னால் வயிற்றின் மேல் வந்து சேர்ந்தது. முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு முனைகள் தொங்கின.

கேக் தட்டு வந்தது. அவள் தொடவில்லை. ஏப்ரன் மாறிவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தாள். தேநீர்க் கறை, ஓரத்தில் அவளே போட்ட ஒட்டு, அதே ஏப்ரன்தான். ஏப்ரன் இளைத்துவிட்டாய் என்கிறது, சட்டை இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். சட்டை தைத்தவர் யார், துவைத்த துணியையெல்லாம் கடையில் வைத்து இஸ்திரி போடுகிறவர் யார்?

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. தையல்காரர் வாய் நிறையக் குண்டூசியோடு யாருடைய கோட்டையோ மேஜையில் விரித்துக் குனிந்திருந்தார். இவள் நேரே உள்ளே போய் நீலச் சட்டையை எடுத்து, உள்புறம் வெளியே வரத் திருப்பினாள். தையல்காரர் மனைவிக்குத் துணி வாசிக்கத் தெரியாதா? பக்கத் தையலில் புது நூல் ஓடியது. அதற்கு வெளியே பிரித்த பழைய தையலின் ஊசித்தடம், அதற்கும் வெளியே இன்னும் சில. சட்டையோடு முன்னறைக்கு வந்து கோட்டின் மேலேயே போட்டாள்.

"இதை எப்போ பிடிச்சுத் தைச்சீங்க?"

அவர் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி வைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் ஊசி எடுத்து அவள் பார்த்ததில்லை.

"போன வாரம். அதுக்கு முன்னாடியும் தான்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன். அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவளுக்கு எல்லாத் துணியும் நான்தானே தைப்பேன். நல்லா இளைச்சுட்டேன்னு சந்தோஷமா கொண்டாந்து குடுப்பா, நானும் கேலி பண்ணிக்கிட்டே பிடிச்சுக் குடுப்பேன். வியாதின்னு தெரிஞ்சப்போ ஒண்ணும் பண்ண முடியல. கடைசியா தைச்சது சின்னப் பிள்ளை அளவுல இருந்துது."

அவருடைய அக்கா, இவர்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே இறந்துபோனவள். அவளைப் பற்றி இவர் இவ்வளவு பேசியதே இல்லை. தெருவுக்கெல்லாம் வாயாடுகிற மனுஷன், வெண்ணெய்க்கும் முட்டைக்கும் பின்னால் இந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, இரவல் சிரிப்போடு உட்கார்ந்திருந்திருக்கிறார். நாளை மறுநாள் அவளை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பொய்கூடத் தயார் செய்து வைத்திருந்தாராம்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அழுகை வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், படி, நர்ஸ், உடைந்த பிஸ்கட் எல்லாவற்றையும். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் வந்தார். அவரை நாளைக்கு வரச் சொல்லி இவளே திருப்பி அனுப்பினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சட்டையைப் பார்த்தபோதுதான் மற்றொன்று உறைத்தது. புதுத் தையலுக்கு வெளியே இருந்த தடங்களில் நடுவே ஒன்று மங்கிப்போன பழசு; அதற்கு வெளியே இருந்தது அதைவிடப் புதுசு, அப்படியென்றால் ஒரு காலத்தில் சட்டை பெரிதாகியிருக்கிறது.

"அப்போ இது? இது பிடிச்சது இல்லையே. விட்டதுல்ல?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். அவள் துணிக்கு மட்டும் எப்போதுமே உள்ளே துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பாராம். உடம்பு ஏற ஏற, இஸ்திரிக்கு வரும்போது சத்தமில்லாமல் பிரித்து விட்டுவிடுவாராம். வருஷக் கணக்காக.

"உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"மனசுக்குப் பதிலா முட்டி கஷ்டப்பட்டுச்சு," என்றாள் அவள். "சட்டை ஒரு தடவை உடம்பை இறுக்கியிருந்தா நான் அப்பவே யோசிச்சிருப்பேனே. படியில உட்கார்ந்திருக்க மாட்டேனே."

அன்பாகத்தான் செய்தார், அதற்காகத் தப்பு சரியாகிவிடுமா? அவள் கோபம் சாயங்காலம் வரை இறங்கவில்லை. டீ போட்டபோது அவருக்கு மட்டும் தனியாக மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவளே வந்து சொன்னாள்: இனிமேல் என் துணிக்கு இஸ்திரியோடு சரி, ஊசி படக் கூடாது. அவர் தலையாட்டினார். வெண்ணெய் டப்பாவையும் அவரே எடுத்து மேல் தட்டில் வைத்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் கேட்டபடி நீலச் சட்டையை மட்டும் கடைசியாக ஒரு தடவை பிரித்துப் பழைய அளவுக்கே விட்டார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கடை வழியாகப் போகும்போதெல்லாம் அவர் கண் தோளுக்கும் இடுப்புக்கும் அலையும். கை டேப்பைத் தேடும். தன் மனைவி சாக்கை மாட்டிக்கொண்ட மாதிரி தெருவில் நடந்தால் தன் தொழில் மானம் என்னாவது? பல்லைக் கடித்துக்கொண்டார். அவளோ ஒரு விரல், பிறகு கை முழுவதும் என்று இடுப்பில் விட்டுப் பார்த்துக்கொண்டு சின்னத் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று இருவரும் கிளம்பினார்கள். அவள் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, அவசரப்படாமல் ஏறினாள். முட்டி முனகியது, பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தையல்காரர் பையை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாதக் கணக்காக அந்த உடைந்த பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தவர் அவர்தானே.

"நீ போ, நான் வரேன்," என்று கையை ஆட்டினார்.

அவள் போனாள். கதவைத் திறந்த மகள், அம்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து நம்ப முடியாமல் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை, சட்டைக்குள் காணாமல் போன உடம்பைத் தேடியது. சட்டென்று விலகி முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா இது? உடம்புக்கு என்ன ஆச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மூச்சிரைப்போடு ஒரு குரல் வந்தது. இரண்டாவது மாடிக் கதவுகள்கூடத் திறந்து பார்த்தன.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா. துணிதான் லூசு, நான் தைச்சதுதான். அப்படியே இருக்கட்டும்."