அம்மா ஜாடை

அம்மா பல் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கை மட்டும் அசையும். அன்று மாலை, மாடிவீட்டு அக்காக்கள் இருவரும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் கழற்றிவிட்டாள். அந்தப் பல் செட்டைச் செய்து கொடுத்தவளே எதிரில் இருந்த சின்னக்காதான். நடந்ததை முதலிலிருந்து சொல்வதுதான் முறை.

நான் நான்காவது படிக்கும்போது அவர்கள் எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். பெரியக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சின்னக்காவுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. இரண்டு பெட்டி, ஒரு ரேடியோ, சட்டம் போட்ட ஒரு போட்டோ, அவ்வளவுதான் சாமான். அதையும் ஏற்றி முடிப்பதற்குள் அம்மா மேலே போய்விட்டாள். போட்டோவில் இருந்த நடுத்தர வயதுப் பெண் கேமராவை நம்பாதவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

"அம்மா" என்றாள் சின்னக்கா. "போன வருஷம் தவறிட்டாங்க."

அம்மா போட்டோவையும் பெரியக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூக்கு அப்படியே பெரியவளுக்கு வந்திருக்கு. சின்னவளே, உனக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே உங்கம்மா."

ஜாடை பார்ப்பதில் அம்மாவுக்கு அப்படியொரு பெருமை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் காது யாருடையது, கட்டைவிரல் யாருடையது என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். அவள் சொன்னால் தெருவே ஒப்புக்கொள்ளும். அன்றிலிருந்து அவர்கள் அக்கா தங்கை. வந்தவர்களிடமெல்லாம் அந்த மூக்கைப் பற்றிச் சொல்லுவாள். பெரியக்கா சிரித்துக்கொண்டு மூக்கைத் தடவிக்கொள்வாள்.

என் சின்ன வயதில் பாதி அந்த மாடியில்தான் கழிந்தது. சின்னக்கா வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். ஜன்னல் விளிம்பில் இளஞ்சிவப்பு மெழுகில் பதித்த பற்கள் வரிசையாக வெயில் படாமல் ஆறிக்கொண்டிருக்கும். அந்த மெழுகின் வாசனையை இன்று எங்கே முகர்ந்தாலும் எனக்கு அந்த அறைதான் கண்முன் வரும்: ஒரே கட்டில், ஒரே மேஜை விளக்கு, ரேடியோவின் மேல் பெரியக்காவின் கைக்கடிகாரம். பெரியக்கா வீட்டிலும் எக்ஸ்சேஞ்ச் குரலில்தான் பேசுவாள். நான் ஏதாவது கேட்டால், "லைன்ல இருங்க, இணைக்கிறேன்" என்று சொல்லி சின்னக்காவின் பக்கம் என்னைத் திருப்பிவிடுவாள். சின்னக்கா இரண்டு பல் செட்டுகளைக் கையில் பிடித்து ஒன்றோடொன்று சண்டை போடவைப்பாள். விடிந்தும் விடியாமலும் இரவு டியூட்டி முடிந்து வரும் பெரியக்காவுக்காக மாடி ஜன்னல் திறந்தே இருக்கும். "அக்கா, பார்த்து ஏறு" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டுவிட்டு நான் மறுபடி தூங்கிவிடுவேன்.

எக்ஸ்சேஞ்ச் மூடிப்போயிற்று. பெரியக்கா ஓய்வுபெற்றாள். அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து, சின்னக்கா அளவெடுத்துச் செய்த புதுப்பற்கள் வந்தன. பிறகு இந்தச் சட்டப் பேச்சு வந்தது.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் ஏற்பதா என்று டிவியில் தினமும் சண்டை. ஏற்றால் 'திருமணம்' என்ற சொல்லையே தருவதா, 'துணைப் பதிவு' என்று வேறொன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவதா என்று அதற்குள் இன்னொரு சண்டை. அம்மா ஒரு நாள், "யாரு யாரைக் கட்டிக்கிட்டா இவனுக்கென்ன, இப்படித் தொண்டை கிழியக் கத்துறான்" என்பாள். மறுநாள், "ஆனாலும் கல்யாணம்னு ஒரு பேர் இருக்குல்ல" என்பாள். கடைசியில் துணைப் பதிவுதான் நிறைவேறியது. அதற்கு அடுத்த வாரம் அக்காக்கள் இருவரும் கீழே இறங்கி வந்தார்கள்.

பெரியக்காதான் ஆரம்பித்தாள், அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில். "பெரியம்மா, நாங்க அக்கா தங்கச்சி இல்ல."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "ஒண்ணுவிட்ட அக்காவா?"

"எதுவும் இல்ல. எங்களுக்குள்ள உறவே கிடையாது."

"உறவு இல்லாம இல்ல" என்றாள் சின்னக்கா. சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்த டிவிக்காரர்களைக் காட்டினாள். "இவங்க இத்தனை நாளா பேசறாங்களே, அது எங்களைப் பத்தித்தான்."

அம்மா டிவியைப் பார்த்தாள், பிறகு அவர்களை. பெரியக்கா மெதுவாக விளக்கினாள். பதிவுக்கு எழுதிக் கொடுத்தால் இருவர் பெயரையும் ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் ஒட்டிவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். ரத்த சம்பந்தம் இருந்தால் பதிவு கிடையாது.

"தெருவுல யாராச்சும் பார்த்துட்டு, ஐயோ, கூடப்பிறந்தவங்களாச்சேன்னு நல்ல மனசோடயே எழுதிப் போட்ருவாங்க. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டாதான் நிக்கும். நீங்க சொன்னாதான் தெரு நம்பும்."

"அப்ப அந்த மூக்கு?" என்றாள் அம்மா.

பெரியக்கா மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

"அது என் சொந்த மூக்கு, பெரியம்மா. போட்டோல இருக்கறது இவ அம்மா."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, நீங்களா சொல்லிட்டீங்க" என்றாள் சின்னக்கா. " அதுக்கு முன்னாடி போன வீட்லயெல்லாம் 'நீங்க ரெண்டு பேரும் யாரு'ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்தினாங்க. உங்க வாயிலேர்ந்து அது வந்ததும் எங்களுக்கு மூச்சே அப்பதான் வந்துச்சு."

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம்ல? நான் ஊரெல்லாம் அந்த மூக்கைக் காட்டிட்டிருந்தேனே. உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க."

"ஒரு நாளும் சிரிக்கல" என்றாள் பெரியக்கா. "எனக்குன்னு ஒரு அம்மா ஜாடை இருக்குன்னு யாரும் அதுவரை சொன்னதில்ல. எங்க வீட்ல என்னைத் தலைமுழுகி ரொம்ப நாளாச்சு."

அம்மா நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. இப்ப எதுக்கு இது? அதுவும் முழுக் கல்யாணம்கூட இல்லையாம்."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் பெரியக்கா. " பாதிக் கதவைத் திறந்துவெச்சுட்டு 'உள்ள வா'ங்கறாங்கன்னு."

"ஒருக்களிச்சு நுழைஞ்சுக்கலாம், நீ கொஞ்சம் வயித்தை உள்ள இழுன்னேன்" என்றாள் சின்னக்கா. சிரிக்கப் பார்த்தாள்; சரியாக வரவில்லை. "அலுத்துப்போச்சு பெரியம்மா. கடையில, பஸ்ல, படிக்கட்டுல, எங்க போனாலும் அக்கா, அக்கா. வீட்டுக்குள்ளயும் ஜன்னல் திறந்திருந்தா அக்காதான். இவ பேரைச் சத்தமா ஒரு தடவை நான் கூப்பிட்டதில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியக்காவின் பெயர் என்னவென்று யோசித்தேன். தெரியவில்லை. வாடகை ஒப்பந்தமெல்லாம் வாய்ப்பேச்சுதான்; எங்களுக்கு அவள் பெரியக்கா, தெருவுக்கு டெலிபோன் அக்கா.

அம்மா டம்ளரை இழுத்தாள். பல் செட் தண்ணீருக்குள் இறங்கியது. இருவரும் எழுந்து படியேறிப் போனார்கள். மேலே அன்று ரேடியோ பாடவில்லை.

காலையில் அம்மா பல் செட்டை மாட்டிக்கொண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "மேல போய் அந்தப் போட்டோவை வாங்கிட்டு வா."

சின்னக்கா ஒன்றும் கேட்காமல் ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வெளியே பெரியக்கா பையோடு படியிறங்கி, தலையைத் திருப்பாமல் எங்கள் ஜன்னலைக் கடந்து போனாள். அம்மா அந்த முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் கோபமாக. "என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆபீஸ் மாடியிலயா இருக்கு? லிப்ட் உண்டா?"

"கேட்டுச் சொல்லவாம்மா?"

"சும்மாதான் கேட்டேன். உடனே கிளம்பிடாத."

பெரியக்கா கேட் அருகே போயிருந்தாள். மேலே ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். பெரியக்கா திரும்பவில்லை, வேறு யாரையோ என்று நினைத்தவள்போலத் தாழ்ப்பாளைத் தூக்கினாள். அந்தப் பெயர் மறுபடி வந்தது, இந்த முறை தெருவுக்கே கேட்கும்படி. எதிர்வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியக்காவின் கை தூக்கிய தாழ்ப்பாளோடு அப்படியே நின்றது.

அம்மா போட்டோவை மடியில் கவிழ்த்தாள். வாய்க்குள்ளேயே அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பல் செட் லேசாக உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.