வாசிக்காமல் விட்ட வசனம்

போடிமெட்டுப் பாதையில் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்த ஞானப்பூ, போடியில் புருசன் வீட்டு வாசலில் நின்றாள். உபதேசியார் மாசிலாமணியை விட்டுவிட்டு ஓர் ஏலத்தோட்டத்துக் கங்காணியோடு மலைக்கு ஓடிப்போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. அவள் சேலையில் ஏலக்காய் மணத்தது. அந்த வாசனையிலேயே மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது.

"தோட்டத்துல நீங்க பிரசங்கம் பண்ணப்ப மறைஞ்சு நின்னு கேட்டேங்க. ஓடிப்போன பொஞ்சாதிய வேதத்துல ஓசியாங்கிற தீர்க்கதரிசி திரும்பச் சேத்துக்கிட்டாருன்னு சொன்னீகளே. அதான் வந்தேன்."

கூடிவிட்ட சபையார் அவர் முகத்தையே பார்த்தார்கள். மாசிலாமணி முள்படலை இழுத்து வாசலை அடைத்தார். வேதத்தை எடுத்துவந்து, அதே தீர்க்கதரிசியின் வசனங்களைச் சத்தமாக வாசித்தார். துரோகம் செய்தவளைக் கடவுள் தாகத்தால் சாகவிடுவார்; அவள் வழியை முள்ளால் அடைப்பார். வாசிக்க வாசிக்க வயிற்றெரிச்சல் தணிந்தது.

ஞானப்பூ தண்ணீர்கூடக் கேட்காமல் படலுக்கு வெளியே உட்கார்ந்தாள். கோபமெல்லாம் தீர்ந்து கடவுள் அவளிடம் பட்சமாய்ப் பேசும் வசனம் அடுத்து வரும். அது அவளுக்குத் தெரியும் என்று மாசிலாமணிக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வசனத்தோடு புத்தகத்தை மூடினார்.

"இன்னும் இருக்குங்க," என்றாள் ஞானப்பூ.

"இன்னைக்கு இம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் படலோரம் செத்துக்கிடந்தவளைச் சபையார்தான் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி விட்ட இடத்திலிருந்து வாசித்தார். கடவுளின் இரக்கத்தை அவரளவுக்கு உருக்கமாகச் சொல்ல அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. சபையே அழுதது.