எலும்புருக்கி அல்ல

...எலும்புருக்கி என்று எழுதலாமா, எழுதுகிறவன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா, அதுவும் ஒரு தமிழ் வாத்தியார், என் கூடப்பிறந்த தம்பி ராஜசிங்... அக்காவின் ஆராய்ச்சி சீமைப் பத்திரிகையில் வந்துவிட்ட பூரிப்பில் திருச்சபைப் பத்திரிகைக்கு அரைப்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டான், 'தாயில்பட்டிப் பெண்களின் எலும்புருக்கி பற்றி டாக்டர் ஞானஜோதி' என்று. எலும்பு உருகித்தானே குறையுது அக்கா என்கிறான், அட மடையா, எலும்புருக்கி என்றால் இந்தப் பக்கத்தில் டி.பி. இல்லையா, இரத்தம் கக்கிச் சாகிற நோய் இல்லையா, தட்டையும் செம்பையும் தனியாக ஒதுக்கி வைக்கிற நோய் இல்லையா... விருதுநகரில் ஏறிய பஸ் திருத்தங்கல் தாண்டிவிட்டது, காலடியில் யாரோ வைத்த மிளகாய் வத்தல் மூட்டை, தும்மல் நிற்கவில்லை, சிவகாசியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் தாயில்பட்டி, அதற்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். எலும்புத் தேய்மானம்? வண்டிச் சக்கரம் போல இருக்கிறது. எலும்பு மெலிவு? மெலிந்தாலே இவர்களுக்கு டி.பி.தான். இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை அகப்படவில்லை, வெட்கமாக இருக்கிறது. சபைப் பத்திரிகையில் யார் பெயரும் இல்லைதான், ஆனால் என்னோடு மதுரைக்கு எலும்பைப் படம் எடுக்க வந்தவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும், முதல் ஆள் சின்னத்தாய். அவள் மகள் வீரலட்சுமிக்குப் பேசி முடித்த சம்பந்தம் இப்போது அந்தரத்தில் நிற்கிறது, மாப்பிள்ளையின் அப்பா ஊர்க்காவலன் இன்றைக்கு வந்து முடிவு சொல்கிறாராம், நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் உண்டு என்று சின்னத்தாய் ஆள் அனுப்பியிருந்தாள்.

ஐம்பத்து நாலில் நான் அந்த ஊர் மிஷன் மருந்தகத்துக்கு வந்தபோது சின்னத்தாய் எப்படி இருந்தாள், அம்மாடி, என்ன உயரம், எனக்கு எட்டாத மேல்தட்டு டிங்சர் பாட்டிலை எக்காமலே எடுத்துத் தருவாள், நெட்டச்சி என்றுதான் ஊரே கூப்பிடும், அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். தீப்பெட்டி ஆபீஸில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை குனிந்த தலை நிமிராமல் சட்டத்தில் குச்சி அடுக்குவாள், வெயில் எட்டிப் பார்க்காத கொட்டகை, கஞ்சி, அடுத்தடுத்துப் பிள்ளைகள்... சில வருஷம் கழித்து ஒருநாள் அதே பாட்டிலை எடுக்கச் சொன்னேன், அவள் கை எட்டவில்லை, இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது, சீமைப் பத்திரிகையில் அதை எழுத இடமில்லை. மதுரைக்குப் போய் எலும்பைப் படம் எடுக்க வேண்டும் என்றால், இவர்கள் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் கல்யாணச் சேலை, தலை கொள்ளாத கனகாம்பரம், முகம் முழுக்கப் பவுடர், எக்ஸ்ரே அறையில் நகையைக் கழற்றச் சொன்னதும் என்னைப் பிடித்து என்ன ஏச்சு ஏசினார்கள். சின்னத்தாய் மட்டும் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்புட்டுப் பவுடர் போட்டேனே டாக்டரம்மா, படத்துல துளிகூட விழலியே" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் குலவை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்தப் பயணமும் போகவில்லை.

சின்னத்தாய் வீட்டில் ஊர்க்காவலன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் சம்சாரம், முன்னால் வைத்த காப்பியை இரண்டு பேரும் தொடவில்லை. சுவரோரம் சின்னத்தாய், கூன் விழுந்த முதுகு, தரையைத்தான் பார்க்க முடிகிறது அவளால். தம்பி தப்பாக எழுதிவிட்டான் என்கிறேன், இது டி.பி. இல்லை, எலும்புக்குள் சத்து வற்றிப்போவது, ஒட்டாது என்கிறேன், சொன்னதோடு விடாமல் அவள் குடித்து மீதி வைத்த செம்பை வாங்கித் தண்ணீர் குடிக்கிறேன். ஊர்க்காவலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காப்பியை எடுக்கிறார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி.

"ஒட்டாது, சரி. பெத்தவளுக்கு வந்தது நாளைக்கு மகளுக்கும் வருமா? அதச் சொல்லுங்க."

வரும் என்று எழுதியிருக்கிறேனே... கட்டுரையின் கடைசிப் பத்தி அதுதானே, பிள்ளைப் பருவத்திலிருந்து அதே கொட்டகையில் அதே கஞ்சியைக் குடித்து உட்கார்ந்திருக்கும் மகள்களுக்கும் வரக்கூடும் என்று, எத்தனை தடவை அந்த வாக்கியத்தை நானே படித்து மெச்சிக்கொண்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது, வீரலட்சுமி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வராம பாத்துக்கிடலாம்" என்கிறேன், "பால் குடிக்கணும், கேப்பை, முருங்கைக்கீரை சேக்கணும், தெனமும் மேல வெயில் படணும்..." அதற்குள் அவர் சம்சாரத்தின் பக்கம் திரும்பிவிட்டார். "வராதாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாக." அந்த அம்மாள் தலையாட்டுகிறாள், தை மாசம் வைத்துக்கொள்ளலாமா என்கிறாள். வராது இல்லை, வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்... வாய் வரைக்கும் வந்துவிட்டது. சின்னத்தாய் கழுத்தை ஒருக்களித்துத் திருப்பி என்னை அண்ணாந்து பார்க்கிறாள். ஒரு தப்பான சொல்லைத் திருத்துவதற்கென்று இரண்டு பஸ் மாறி வந்தவள், இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டு எனக்குக் கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஊர்க்காவலனுக்குக் காது மந்தம் கிடையாது, வராம, பாத்துக்கிடலாம், இரண்டு வார்த்தையையும் ஒரே மூச்சில்தானே சொன்னேன், ஒன்று காதில் விழுந்தால் மற்றதும் விழுந்திருக்குமே... அவரும் அவ்வளவு போதும் என்றுதான் நிறுத்திக்கொண்டாரோ?